செவிலியர் கைச்சுமையும் கணிப்பொறி அறிவும்

1956ஆம் ஆண்டை நம் சமுதாயம் மறப்பதில்லை. அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். அதே ஆண்டில் வேறு இரு நிகழ்ச்சிகளும் நடந்தன. அவற்றை நம்முள் அறிந்தோர் சிலரே. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் மெக்கார்த்தி முதலிய அறிஞர்கள் கோடைக்காலத்தில் கூடி, எந்திரத்துக்குச் சிந்திக்கும் ஆற்றலைத் தரமுடியுமா என்று ஆராய்ந்தனர். ‘செயற்கை நுண்ணறிவு’ என்னும் துறை அங்குத்தான் பெயரோடு தொடங்கியது. சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய்க்கான மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் அவ்வாண்டே தோன்றியது.

இம்மூன்றும் ஒன்றற்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். ஆனால் 70 ஆண்டுகள் கழிந்த இந்நாளில், தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை ஒன்றில் காசநோயாளி ஒருவரின் நாடியைப் பிடித்து நிற்கும் செவிலியரின் கையில் இவை மூன்றும் வந்து கூடுகின்றன. அச்செவிலியர் நம் தெருவில் பிறந்த பெண்ணாக இருக்கலாம். அந்நோயாளி நம் ஊர்ப் பீங்கான் சூளையில் உழைத்த தொழிலாளியாக இருக்கலாம். ஆகவே இவ்வரலாறு நமக்கு அயலாருடைய வரலாறு அன்று. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இதனை எழுதப் புகுந்தமைக்குக் காரணமும் அதுவே.

தொட்ட கைகள்

நோயாளியைத் தொடுதல், கழுவுதல், மலசலம் எடுத்தல், புண்ணைத் துடைத்தல் ஆகியவை செவிலியர் பணியின் அடிப்படை. தொடுவதே தீட்டு என்று கருதிய சமுதாயத்தில் இப்பணிக்கு மதிப்புக் கிடைத்திருக்க முடியாது. 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கப்பெற்றது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் தொடங்கிய சிறு மருத்துவ நிலையம் வளர்ந்து, 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைக் கண்டது. 1946இல் அது பட்டப்படிப்பாக உயர்ந்தது. தொடக்க நாள்களில் இப்பயிற்சிக்கு முன்வந்தோருள் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறித்தவப் பெண்கள் ஆகியோரே மிகுதி. சாதி இந்துக் குடும்பங்கள் தம் பெண்களை அனுப்ப நெடுங்காலம் தயங்கின.

தயங்காதவர்களும் இருந்தனர். 1897இல் புனே நகரில் பிளேக் நோய் பரவியபோது, சாவித்திரிபாய் பூலே தம் வளர்ப்பு மகனான மருத்துவர் யஷ்வந்தோடு சேர்ந்து நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். தீண்டப்படாதவன் என ஒதுக்கப்பட்ட குடும்பத்துச் சிறுவன் ஒருவனைத் தாமே சுமந்து வந்தார் என்றும், அத்தொண்டிலேயே நோய் தொற்றி அவ்வாண்டு மார்ச் 10ஆம் நாள் உயிர்நீத்தார் என்றும் அவர் வரலாறு கூறும். நம் தமிழ் மண்ணில் பண்டிதர் அயோத்திதாசர் (1845-1914) சித்த மருத்துவராக இருந்து நோய் தீர்த்தவர் என்பதை இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசியச் சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1928இல் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளர்க்கென மருத்துவ இல்லம் அமைத்ததனால்தான் அவ்விடம் சானடோரியம் என்று பெயர்பெற்றது.

செவிலியர் பற்றாக்குறையோ இந்நாட்டின் பழைய நோய். 1946இல் அறிக்கை அளித்த போர் குழு, இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு மருத்துவர் இருக்க, செவிலியரோ 43,000 பேருக்கு ஒருவரே என்று கணக்கிட்டது. இன்று எண்ணிக்கை பன்மடங்கு உயர்ந்துள்ளது. எனினும் சுமை குறையவில்லை. பயிற்சி மருத்துவமனைகளில் 3 படுக்கைகளுக்கு ஒரு செவிலியர், ஏனைய பொது மருத்துவமனைகளில் 5 படுக்கைகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியச் செவிலியர் குழுமத்தின் அளவுகோல். இரவு நேரத்தில் அரசு மருத்துவமனைக் கூடத்துள் நுழைந்து பார்த்த எவரும் அவ்வளவுகோலுக்கும் நடப்புக்கும் உள்ள தொலைவை அறிவர். 2015இல் தேர்வு எழுதித் தொகுப்பூதியத்தில் பணியேற்ற செவிலியர்கள், மாதம் 7,700 ரூபாய் ஊதியத்தை எதிர்த்தும் பணி நிரந்தரம் வேண்டியும் 2017 நவம்பரில் சென்னையில் ஆயிரக்கணக்கில் திரண்டு போராடியதை நாம் மறந்துவிடவில்லை.

கருவி வந்தது, வேலை கூடியது

இப்பற்றாக்குறைக்கு எந்திரம் மருந்தாகுமா என்பதே இன்றைய வினா. அதற்கு விடை காண, முன்பு வந்த கருவிகள் என்ன செய்தன என்பதைப் பார்த்தல் நலம்.

ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் 1868இல் காய்ச்சலைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். ஆயிரக்கணக்கான நோயாளிகளின் உடல் வெப்பத்தை ஓயாது அளந்து எழுதிய பயன் அந்நூல். அக்காலத்து வெப்பமானி நீளமானது. ஓர் அளவைக் காட்டப் பல நிமிடங்கள் எடுத்தது. அதே காலத்தில் ஆங்கில மருத்துவர் ஆல்பட் குட்டையான வெப்பமானி ஒன்றை அமைத்தார். அளத்தல் எளிதாயிற்று. எளிதானவுடன் அவ்வேலை மருத்துவர் கையிலிருந்து செவிலியர் கைக்கு மாறியது. 1896இல் ரிவா-ரோச்சி அமைத்த இரத்த அழுத்தக் கருவிக்கும் பின்னாளில் இதுவே நேர்ந்தது. ஒவ்வொரு கருவியும் நோயாளிக்கு நன்மை செய்தது, அதனை மறுப்பாரிலர். ஆனால் ஒவ்வொரு கருவியும் செவிலியருக்கு ஓர் அளவையும், அவ்வளவை எழுத ஒரு கட்டத்தையும், அக்கட்டங்களை நிரப்ப ஒரு பதிவேட்டையும் கூட்டித் தந்தது.

கணிப்பொறி வந்தபோதும் இதுவே தொடர்ந்தது. காசநோயாளர் விவரங்களைப் பதிய 2012இல் ‘நிக்‌ஷய்’ என்னும் கணிப்பொறி ஏற்பாட்டை நடுவணரசு கொண்டுவந்தது. மருந்து எவரைச் சென்றடைந்தது, எவர் இடையில் நின்றார் என்பதை அறிய அது பெரிதும் உதவுகிறது. ஆனால் காகிதப் பதிவேட்டை விலக்காமல் கணிப்பொறியைக் கொண்டுவரும் இடமெல்லாம், ஒரே விவரத்தை இருமுறை எழுதும் நிலை உண்டாகும் என்பதையும் கூறவேண்டும். கருவி சுமையைக் குறைப்பது அதன் இயல்பால் அன்று. அது வரும்போது எந்த வேலை விலக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே சுமை குறையும். இவ்வரலாறு தரும் முதற் பாடம் இது.

அளவுகளைக் கூட்டி ஒரே எண்ணாக்கும் முறை 1997இல் இங்கிலாந்தில் தோன்றியது. நாடி, மூச்சு, வெப்பம், இரத்த அழுத்தம், நினைவு ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை குறித்த அளவைத் தாண்டினால் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும் என்பது அம்முறை. 2012இல் அது அந்நாடு முழுமைக்கும் பொதுவாக வகுக்கப்பெற்றது. இதனால் விளைந்த நன்மை யாது? ‘இந்நோயாளியின் நிலை எனக்குச் சரியாகப் படவில்லை’ என்று செவிலியர் கூறினால் செவிசாய்க்காத மருத்துவரும், ‘மதிப்பெண் 7’ என்றால் எழுந்து வரவேண்டியதாயிற்று. செவிலியரின் கண்ணறிவுக்கு எண் ஒரு நாவாக அமைந்தது.

சேத்துப்பட்டு காட்டிய வழி

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1950களில் காசநோய் என்றால் மலையடிவாரத்து மருத்துவ இல்லத்தில் மாதக்கணக்கில் படுக்கையும், நல்லுணவும், காற்றும் வேண்டும் என்பதே மருத்துவ உலகின் கொள்கை. இந்நாட்டில் நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தனர். படுக்கைகளோ சில ஆயிரமே. சேத்துப்பட்டு மையம் ஏறத்தாழ 200 நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் மருத்துவ இல்லத்தில் தங்கினர். மறு பிரிவினர் நெருக்கடி மிகுந்த தம் எளிய வீடுகளிலேயே இருந்து ஓராண்டு மாத்திரை உண்டனர். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அவ்வளவே குணமடைந்தனர். அவர்தம் குடும்பத்தார்க்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. உலகின் காசநோய் மருத்துவமே இம்முடிவால் மாறியது.

அம்முடிவுக்குப் பின்னால் ஓர் உழைப்பு இருந்தது. குடிசை குடிசையாகச் சென்று, மாத்திரையை எண்ணிப் பார்த்து, சிறுநீரைச் சோதித்து, சோர்ந்தவர்க்குத் துணிவு சொன்ன நலப் பணியாளர்களின் உழைப்பு அது. படுக்கை மிச்சமாயிற்று, ஆனால் அதன் சுமை நடந்து சென்ற அக்கால்களின்மேல் ஏறியது. அறிவியல் முடிவுகளைப் படிக்கும்போது, அவற்றைத் தாங்கி நிற்கும் உழைப்பாளரையும் உடன் காணும் பழக்கம் நமக்கு வேண்டும்.

ஐந்து குறிகள்

காசநோய்க்கு மருந்து உண்டு. எனினும் இறப்பு நின்றபாடில்லை. இறப்போருள் பலர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்திலேயே இறக்கின்றனர். மிகவும் மெலிந்து, மூச்சுத் திணறி வந்தவர்க்கும், நடந்து வந்தவர்க்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்து ஒன்றுபோல வீட்டுக்கு அனுப்பியதே இதற்கு ஒரு காரணம்.

இதனை மாற்ற 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசு ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்பதைத் தொடங்கியது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இதற்கு உறுதுணை. நோய் உறுதியான அன்றே செவிலியரோ பிற நலப் பணியாளரோ ஐந்து குறிகளைப் பார்க்க வேண்டும். முதலாவது, உயரத்துக்கேற்ற எடை, 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 36 கிலோவுக்கும் குறைவாக இருந்தால் அது கடும் மெலிவு. இரண்டாவது, காலில் வீக்கம். மூன்றாவது, நிமிடத்துக்கு 24க்கு மேற்பட்ட மூச்சு. நான்காவது, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 94 விழுக்காட்டுக்குக் குறைந்த ஆக்சிஜன். ஐந்தாவது, பிறர் துணையின்றி நிற்க இயலாமை. இவற்றுக்கு இரத்தச் சோதனை வேண்டா; ஊடுகதிர்ப் படம் வேண்டா; மருத்துவர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டா. கடுமை கண்டால் நோயாளியை உடனே மருத்துவமனையில் சேர்க்கின்றனர். இதனால் இறப்புகள் குறைந்து வருவதாகத் திட்டத்தை நடத்துவோர் வெளியிட்ட ஆய்வுகள் கூறுகின்றன.

இவ்வாறு சேர்ந்த 50,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு, கணிப்பொறியே இறப்பின் வாய்ப்பைக் கணிக்கும் முறை ஒன்றை அந்நிறுவனம் வகுத்தது. 2025இல் அது திட்டத்தின் கணிப்பொறிப் பதிவோடு இணைக்கப்பெற்றது. செவிலியர் ஐந்து குறிகளையும் பதிந்தவுடன், இந்நோயாளி இறப்பதற்குரிய வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்று எண் தோன்றும். கடுமையாக நோயுற்றோர் எல்லாரும் ஒருபடித்தானவர் அல்லர். சிலருக்கு அவ்வாய்ப்பு நூற்றுக்கு 10, சிலருக்கு 50. ஒரே படுக்கை இருந்து இருவர் காத்திருந்தால், எவரை முதலில் ஏற்றுவது என்பதற்கு அவ்வெண் வழிகாட்டும்.

இது வியப்புக்குரிய பேசும் எந்திரம் அன்று, புள்ளியியல் கணக்குத்தான். செயற்கை நுண்ணறிவுக் குடும்பத்தில் எளிய உறுப்பினர் என்று இதனைக் கூறலாம். ஆயினும் இதன் அமைப்பில் நாம் கற்கத்தக்கவை மூன்று உண்டு. முதலாவது, கணக்கு செவிலியரின் கண்ணிலிருந்து பிறந்தது. நிற்க முடிகிறதா என்று பார்க்கும் அப்பார்வையே அதற்கு மூலப்பொருள். இரண்டாவது, அது நம் மாநிலத்து ஏழை நோயாளரின் விவரங்களால் ஆனது. மூன்றாவது, எண்ணுக்குப் பின்னால் வண்டியும் படுக்கையும் உணவும் மருத்துவரும் உண்டு. செயல் பின்தொடராத எச்சரிக்கை, செவிலியருக்கு மற்றொரு மனச்சுமையே.

எந்திரம் எங்கே தவறும்

இன்று மருத்துவமனைகளுக்கென எத்தனையோ கருவிகள் வருகின்றன. பெங்களூரில் உருவான ‘டோசி’ என்னும் கருவி, மெத்தையின் அடியில் விரித்த மெல்லிய தகட்டால் நாடியையும் மூச்சையும் இடைவிடாது அளக்கிறது. பேச்சைக் கேட்டுக் குறிப்பெழுதும் கருவிகள் மேனாடுகளில் பரவுகின்றன. இவற்றை வெறுக்கவும் வேண்டா. கண்மூடி நம்பவும் வேண்டா.

அமெரிக்காவில் குருதி நச்சுத்தொற்றை முன்னறிவிக்கும் கணிப்பொறி முறை ஒன்று நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் இயங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் அதனைச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டனர். நோயுற்றோருள் மூன்றில் இரு பங்கினரை அது கண்டுகொள்ளவில்லை. அதே நேரத்தில், உள்நோயாளிகளுள் நூற்றுக்கு 18 பேருக்கு எச்சரிக்கை மணி அடித்தது. அம்மணிக்கெல்லாம் ஓடுவோர் யார்? சுமையைக் குறைக்க வந்தது சுமையைக் கூட்டியது.

2019இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு நம் நெஞ்சைத் தொடுவது. யாருக்குக் கூடுதல் மருத்துவக் கவனிப்புத் தேவை என்பதைக் கணிக்க, ஒரு கணக்குமுறை கடந்த கால மருத்துவச் செலவை அளவாகக் கொண்டது. கறுப்பின மக்களுக்காகச் செலவிடப்பட்ட தொகை குறைவு. ஆகவே அவர்கள் உடல்நலம் மிக்கவர்கள் என்று கணிப்பொறி முடிவு செய்தது. பிழையைத் திருத்தியபோது, உதவி பெறத்தக்கோருள் கறுப்பினத்தார் பங்கு நூற்றுக்கு 17.7இலிருந்து 46.5 ஆக உயரும் எனக் கண்டனர். அக்கணக்கில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒதுக்கப்பட்டோர் செலவில் குறைந்தனர். செலவில் குறைந்தோர் ஏட்டில் நலமுற்றோர் ஆயினர். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று மருத்துவமனைக்கு வராத நம் மக்களை இத்தகைய ஏடு எவ்வாறு காட்டும் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

ஆக்சிமீட்டரும் குற்றமற்றது அன்று. அது தோலினூடே ஒளியைச் செலுத்தி அளப்பது. கருநிறத் தோலுடையோரிடம் உண்மையான ஆக்சிஜன் குறைவை அது தவறவிடுவது, வெண்ணிறத்தாரைவிட ஏறத்தாழ மும்மடங்கு என்று 2020இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். விரலில் மாட்டிய கருவி 95 என்று காட்டினும், உதடு நீலம் பாய்ந்திருப்பதைக் காணும் செவிலியரின் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கலாகாது என்பது இதனால் தெளிவாகும்.

நம் ஊரும் நம் கடமையும்

நம் விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். பழமலைநாதர் கோயிலாலும் மணிமுத்தாற்றாலும் பெயர்பெற்ற இவ்வூர், பீங்கான் தொழிற்பேட்டையாலும் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியாலும் புதுப்பெயர் பெற்றது. மின்கம்பிக்கும் ஃபியூசுக்கும் வேண்டிய பீங்கான் பொருள்களும் பொம்மைகளும் இங்கு உருவாகின்றன. களிமண்ணோடு கலக்கும் மணற்கல் தூளில் சிலிக்கா உண்டு. காய்ந்த பொருளின் பிசிறைத் தேய்க்கும்போது எழும் நுண்தூள் நெடுங்காலம் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் நோய் உண்டாகும்; அந்நுரையீரலில் காசநோய் எளிதிற் குடியேறும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாக வைத்திருந்தது.

மேலே கூறிய ஐந்து குறிகளில் தொழில் என்பது இல்லை. இறப்பைத் தடுக்க அவ்வைந்தும் போதும் எனலாம். ஆனால் நோய் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, ‘நீ எத்தனை ஆண்டு சூளையில் வேலை செய்தாய்?’ என்று ஒருவர் கேட்டாக வேண்டும். கேட்காததை எந்திரம் அறியாது. நம் ஊர்த் தாய்மார் ‘நெஞ்சு அடைக்குது’ என்றும் ‘மூச்சு வாங்குது’ என்றும் கூறுவதன் வேறுபாட்டையும், நம் மொழி கேட்டுப் பழகாத எந்திரம் அறியாது. இவற்றை அறிந்தவர் நம்மிடையே பிறந்து வளர்ந்த செவிலியரே.

ஆகவே இளைஞர்களே! செவிலியர் படிப்பைத் தாழ்வென எண்ணாதீர்கள். தொடுவதைத் தீட்டென்ற உலகுக்கு, தொட்டு நோய் தீர்ப்பதே அறிவு என்று மறுமொழி தந்தது அத்தொழில். ஆனால் அதனோடு நிற்காதீர்கள். புள்ளியியல் கற்க வேண்டும். கணிப்பொறி கற்க வேண்டும். ஒரு கணக்கு எவருடைய விவரங்களால் ஆனது, எதனை அளவாகக் கொண்டது, எவரைத் தவறவிட்டது என்று வினவும் திறம் பெறவேண்டும். கருவியைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் செவிலியருக்கு இடம் வேண்டும் என்றும், புதிய பதிவு வரும்போது பழைய பதிவு ஒன்று நீங்க வேண்டும் என்றும், மிச்சமான நேரம் நோயாளியின் படுக்கைக்கே திரும்ப வேண்டும் என்றும், அதைக் காட்டிப் பணியிடங்களைக் குறைத்தல் கூடாது என்றும் கேட்கும் துணிவு வேண்டும்.

நம் சங்கம் 25 ஆண்டுகளுக்குமுன் கரும்பலகையும் விளக்குமாகத் தொடங்கியபோது, எழுத்தறிவே நம் உரிமையின் வாயிலாக இருந்தது. ஏட்டில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதவனை ஏமாற்றியோர் அந்நாளில் பலர். இந்நாளில் எண்ணே ஏடாகிவிட்டது. அதனைப் படிக்கவும், பிழை கண்டால் திருத்தவும் நாம் கற்றாக வேண்டும். அடுத்த 25 ஆண்டுகளுக்கு நம் சங்கத்தின் பணி அதுவாக அமைக!